எதற்கெடுத்தாலும் பரிணாமமா?

நாலு மாதம் உடற்பயிற்சி செய்தவர் "நான் பரிணாமம் அடைந்துவிட்டேன்" என்கிறார். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

தனி உயிர் தன் ஆயுளுக்குள் பரிணமிக்காது. வளரும், பழகும், கற்கும், தழும்பேறும். ஒரு கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறுவதுதான் பரிணாமம். உயரமான மலையில் போய்த் தங்கினால் சில வாரங்களில் நம் இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். கீழே இறங்கினால் குறைந்துவிடும். அது உடலின் இணக்கம். திபெத்தியர்களிடம் இபிஏஎஸ்1 என்ற மரபணுவின், மலை உயரத்தில் வாழ உதவும் ஒரு வடிவம் பரவியிருக்கிறதே, அது பரிணாமம். அதற்குள் எத்தனை தலைமுறைகளின் பிறப்பும் சாவும் இருக்கிறது! இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் எப்படி?

ஆயுளுக்குள் உடலில் வரும் மாற்றம் பிள்ளைகளுக்குப் போகிறதா என்று ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மன் 1880களிலேயே எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்துவிட்டார். குட்டிகள் வாலோடுதான் பிறந்தன.

இது வெறும் சொல் சண்டை இல்லை. "ஆன்டிபயாடிக் என் உடம்புக்குப் பழகிவிட்டது, அதான் கேட்கவில்லை" என்கிறார்கள். பழகியது உடம்பு அல்ல. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியாக்கள் உள்ளே பெருகியிருக்கின்றன. அடுத்தவருக்கும் அவை தொற்றும். உடலுக்குள் பரிணமிப்பது அந்தக் கிருமிக் கூட்டம்தான். இவ்வளவையும் பொறுமையாக விளக்கினால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்று கிளம்பிவிடுகிறார்கள்.