சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது போதாது

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவது பற்றிய ஒரு கட்டுரையில், நாள்தோறும் 20 கடினமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் கட்டுரையாளரின் வழியை என்னால் ஏற்க முடியவில்லை. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்த நாட்களில் நானும் அப்படித்தான் ஒரு நோட்டை நிரப்பினேன்; ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. பிறகுதான் வேர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தல் என்னும் பொருள் தரும் 'ஸ்பெக்' என்ற லத்தீன் வேரை அறிந்தால், இன்ஸ்பெக்ட் (உற்றுப் பார்த்தல்), ஸ்பெக்டேட்டர் (பார்வையாளர்), ரெட்ராஸ்பெக்ட் (பின்னோக்கிப் பார்த்தல்), சர்கம்ஸ்பெக்ட் எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும். சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவரே சர்கம்ஸ்பெக்ட் என்பதை அதன்பின் நான் மறந்ததே இல்லை. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனதையும், மிளகுத்தண்ணீர் மல்லிகடானி என்னும் சூப்பின் பெயர் ஆனதையும் பிள்ளைகளுக்குச் சொன்னால் (அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்) அகராதி மீதுள்ள அச்சம் விலகும். கற்ற சொல்லை அன்றே சொந்த வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தமே.