10 நாள் கணக்கு முழுக் கணக்கு இல்லை
இமை அறுவை சிகிச்சை செய்தால் 10 நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. தையல் பிரிப்பது வேண்டுமானால் அந்தக் கணக்கில் வரும். தழும்பின் சிவப்பு அடங்க மாதக்கணக்கில் ஆகும். என் அக்காவுக்கு ஒரு பக்கம் வீக்கம் சீக்கிரம் வடிந்துவிட்டது, மறுபக்கம் உப்பிக்கொண்டே இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியும் கையுமாகத்தான் திரிந்தாள். இரண்டு கண்ணும் ஒரே வேகத்தில் ஆறாது, அவ்வளவுதான்.

அப்புறம், இமை முழுதாக மூடாமல் கண் காய்ந்து உறுத்துவதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே? ஆரம்பத்தில் பலருக்கும் வருவதுதான். சொட்டு மருந்தும் படுக்கும்போது போடும் களிம்பும் அதற்காகத்தான். (களிம்பு போட்டதும் பார்வை கொஞ்சம் மங்கும், பயப்பட வேண்டாம்.) ஆனால் திடீரென்று கடும் வலி, கண் பிதுங்குவது, பார்வை குறைவது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தினால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம்.