ஒப்பந்தம் முடிந்தும் மூன்று வருடம் கட்டிய பணம்

இங்கே சிங்கப்பூரில் போன மாதம் வரை என் கைப்பேசி லைனுக்கு மாதம் 58 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது 12 வெள்ளி, அதுவும் முன்பணமாக. நம்பர் அதேதான், கைப்பேசியும் அதேதான்.

எல்லாம் என் சித்தி மகனால் வந்தது. ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கிறான். அவனுக்கு ஒரு ப்ரீபெய்ட் கார்டு வாங்க ஞாயிறு சாயங்காலம் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்குக் கூட்டிப் போனேன். கடையில் எங்களுக்கு முன்னால் நின்ற தம்பி கட்டுமான வேலை பார்ப்பவர். எந்தக் கார்டில் எத்தனை நாளுக்கு எவ்வளவு டேட்டா, ஊருக்குப் பேச எத்தனை நிமிடம் என்று விரல் விட்டுச் சொன்னார். பேச்சுவாக்கில் என் பில்லைச் சொன்னேன். "அக்கா, அதுல போன் காசும் சேந்திருக்கும்ல? கான்ட்ராக்ட் எப்ப முடிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து மூன்று வருடம் ஓடியிருந்தது. போனின் விலையையும் மாதக் கட்டணத்தில் சேர்த்துத்தான் அந்த ப்ளானைப் போட்டிருந்தார்கள். போன் கடன் தீர்ந்தும் கட்டணத்தில் ஒரு காசு குறையவில்லை. புதுப் போன் வேண்டுமா என்று கேட்டுச் செய்தி மட்டும் தவறாமல் வந்தது. நானும் ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) போட்டுவிட்டு மறந்துவிட்டேன். மாதம் 46 வெள்ளி, 36 மாதம்: 1,656 வெள்ளி. அம்மாவும் நானும் ஊருக்குப் போய் வந்திருக்கலாம். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

நம்மில் பலர் மாறாமல் இருப்பதற்குக் காரணம் நம்பர் போய்விடும் என்ற பயம். வங்கி, சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின் அடையாளம்), பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்த நம்பரில்தானே இருக்கிறது? ஆனால் நம்பரை எந்த நிறுவனத்துக்கும் எடுத்துச் செல்லும் முழு வசதி சிங்கப்பூரில் 2008 ஜூனிலேயே வந்துவிட்டது. அடுத்த பயம் சிக்னல். மலிவு ப்ளான் விற்கும் பலருக்குச் சொந்தக் கோபுரமே கிடையாது, பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். அதே கோபுரங்களிலிருந்துதான் உங்களுக்கும் சிக்னல் வரும். சில மலிவு ப்ளான்கள் பெரிய நிறுவனங்களே நடத்துபவை: ஜிகா ஸ்டார்ஹப்புடையது, கோமோ சிங்டெல்லுடையது. தாய் நிறுவனமே மலிவுக் கடையும் நடத்துகிறது என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

மாறுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பழைய லைனை நீங்களாகப் போய் ரத்து செய்யாதீர்கள், செய்தால் நம்பர் கையைவிட்டுப் போய்விடும். பழைய நம்பரையே கொண்டுவர வேண்டும் என்று புது நிறுவனத்தில் கேட்டால் போதும், மாறியதும் பழையது தானாக முடிந்துவிடும். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பிக்க வேண்டும் (கணவர் பெயரில் லைன் இருக்கும் அக்காமார்கள் கவனிக்கவும்). மாறும் நேரத்தில் கொஞ்சம் லைன் கட்டாகும், ஓடிபி வராது. அன்றைக்கு வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

குறையும் உண்டு. பிரச்சினை என்றால் நேரில் போய்க் கேட்கக் கவுண்டர் இல்லை, செயலியில் தட்டச்சு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்குச் சரி. தமிழ் மட்டும் தெரிந்த என் அம்மாவுக்கு அது ஆகாது. அவருக்கு நான்தான் உட்கார்ந்து செய்து கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் வாட்ஸ்அப் பார்ப்பதற்கு மட்டும் மாதம் 40, 50 வெள்ளி கட்டுகிறார்கள். வீட்டில் வைஃபை வேறு இருக்கிறது. இந்த வாரம் அவர்கள் பில்லை வாங்கி, ஒப்பந்தம் முடியும் தேதி எது என்று பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

அம்மாவின் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.