பொம்மக்கா, திம்மக்காவுக்குப் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு

கோவில் கொடைத் திருவிழாவில் ஒரு பேச்சாளர் பேசிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலைந்து குரூப்பில் வந்துவிட்டது. பட்டவராயன் சாமி கட்டிக்கொண்ட பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்களாம். காட்டில் கிடந்த குழந்தைகளைச் செருப்புத் தைக்கிற வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். கூட்டம் கைதட்டுகிறது. அப்பாடா, பட்டவராயன் மானம் தப்பித்தது!

மானத்தைப் பார்த்திருந்தால் அவர் சாமியே ஆகியிருக்க மாட்டார். பிற்பாடு பட்டவராயன் ஆன முத்துப்பட்டன் என்கிற பிராமணப் பிள்ளை, செருப்புத் தைக்கிறவர் வீட்டில் போய்ப் பெண் கேட்கிறார். பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் காட்டு என்கிறார் வாலப்பகடை. அண்ணன்மார் கல் அறையில் பூட்டி வைத்தும் ஆள் நிற்கவில்லை. சொன்னதையெல்லாம் செய்துவிட்டுத்தான் தாலி கட்டுகிறார். கடைசியில் மாமனாரின் மாட்டுக் கிடைக்காகச் சண்டை போட்டுச் சாகிறார். பெண்கள் பிராமணப் பெண்கள் என்றால் எதற்கையா செருப்புத் தைத்தார், பொழுது போகாமலா?

திருநெல்வேலிப் பக்கம் காரையார் சொரிமுத்தையனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பட்டவராயனுக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவார், அதான் தேய்ந்திருக்கு என்பாள் ஆச்சி. அந்தச் செருப்புக்கு இந்தப் பேச்சாளர் என்ன விளக்கம் சொல்வார்?

"வில்லுப்பாட்டிலேயே அப்படி ஒரு வடிவம் இருக்கிறதே" என்று வருவீர்கள். சரி, இருக்கிறது. அது பின்னால் சேர்த்தது என்று நாட்டுப்புறக் கதைப்பாடல்களைப் பதிப்பித்த நா. வானமாமலை எப்போதோ எழுதிவிட்டார். "கதைதானே, எப்படிச் சொன்னால் என்ன?" கதைதான். ஆனால் முத்துப்பட்டன்தான் பகடை வீட்டில் பிறந்து தொலைந்துபோன பிள்ளை என்று யாராவது மாற்றிச் சொன்னார்களா? அது மட்டும் யாருக்கும் தோன்றாது. "சாதியை ஏன் இழுக்கிறாய்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது, போங்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்ததுதான். பெரியப்பா மகன் வேறு சாதியில் கட்டி வந்தபோது, பெண்ணின் தாத்தா வழி நம்ம ஆட்கள்தானாம் என்று ஒரு கதை கட்டினார்கள். ஒரு விசேஷத்தில் மதினியின் அப்பாவிடமே, "உங்க பூர்வீகம் இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டார்கள். மனுஷன் பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டார். மதினி அன்றைக்கு யாருடனும் பேசவில்லை. கதை கட்டினவர்கள் இன்னமும் பெருமையாகச் சொல்கிறார்கள், நாங்கள்தான் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டோமாம்.

பெற்ற அப்பனை வளர்ப்பு அப்பன் ஆக்குவதற்கு ஒரு மேடை, மாலை, பொன்னாடை வேறு. அடுத்த கொடைக்கும் அவரையே கூப்பிடப் போகிறார்களாம். தாராளமாகக் கூப்பிடுங்கள். கொடை வரி கேட்டு மட்டும் என் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம்.