டாலெக்குகள் ரோபோக்கள் அல்ல
'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் எதிரிகளாக வரும் டாலெக்குகளை "உணர்ச்சியே இல்லாத ரோபோக்கள், டெரி நேஷன் வடிவமைத்தவை" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

1963 டிசம்பர் 21-இல் பிபிசியில் தொடங்கி ஏழு வாரம் ஓடிய முதல் டாலெக் கதையைப் பாருங்கள். ஸ்காரோ கிரகத்தில் நடந்த அணுப்போருக்குப் பின் உருச்சிதைந்து போன ஓர் இனம்தான் அந்த உலோகக் கூட்டுக்குள் வாழ்கிறது. ஒரு காட்சியில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து மேலங்கியால் மூடிவைப்பார்கள். பிறகு, கதாநாயகன் டாக்டருடன் பயணிக்கும் இயான் அந்தக் கூட்டுக்குள் ஏறிக்கொள்வார். மூடிய துணிக்கடியிலிருந்து ஒரு நகம் மெல்ல நீளும், பாருங்கள், இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. உணர்ச்சி இல்லாதவை என்பதும் பொருந்தாது. அவற்றை இயக்குவதே பயமும் வெறுப்பும்தான். தங்களைப் போல் இல்லாத தால்களை, அதாவது அதே கிரகத்தின் இன்னோர் இனத்தை, ஒழிக்க வேண்டும் என்ற அந்த வெறியை விட்டுவிட்டால் கதையில் மிஞ்சுவது வெறும் தகரம்.

அப்புறம், கதை எழுதியவர்தான் நேஷன். அந்த உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் குசிக். அவர் பிபிசியின் மாதச் சம்பள வடிவமைப்பாளர் என்பதால், டாலெக் பொம்மைகள் விற்றுக் குவிந்தபோதும் உரிமைத்தொகையில் அவருக்குப் பங்கு இல்லை. நேஷனுக்கு இருந்தது. அதனாலேயே குசிக்கின் பெயரை விட்டுவிடுவது எனக்கு உறுத்துகிறது.

2005-இல்தான் டாலெக் முதன்முதலாகப் படியேறியது என்று சொல்லப்படுவதும் தவறு. 1988-இல் வந்த 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' என்ற கதையின் முதல் பகுதியின் முடிவிலேயே ஒன்று மிதந்தபடி படியேறி டாக்டரை நெருங்கிவிடுகிறது.