காசு கொடுத்து வாங்கும் புராஜெக்ட்

பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டை விலைக்கு வாங்குவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட், வாரத்துக்கு 20 மணி நேரம். வேறெந்தப் பாடத்துக்கும் இவ்வளவு நேரம் கிடையாது. அதை அப்படியே ஒரு புராஜெக்ட் சென்டரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். தலைப்பு, புரோகிராம் கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன சொல்ல வேண்டும் என்பது வரை பேக்கேஜாக வந்துவிடுகிறது.

வைவாவுக்கு ஒரு பையன் மண் ஈரம் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி கொண்டுவந்தான். ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டு போர்டு, சென்சார், சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சான ரிலே, குட்டி மோட்டார், எல்லாம் கச்சிதம். "ரிலே எதுக்குப்பா? போர்டிலிருந்தே மோட்டாருக்கு நேரா கொடுத்தா என்ன?" என்று கேட்டேன். முழித்தான். அந்த போர்டில் வயர் செருகும் ஒரு பின் (pin) அதிகபட்சம் 40 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். மோட்டாருக்கு அது எந்த மூலைக்கு? ஒரு போர்டைக் கருகவிட்டிருந்தால் தானாகவே தெரிந்திருக்கும். இத்தனைக்கும் நன்றாகப் படிக்கிற பிள்ளை.

பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. ரிவ்யூவில் ஆசிரியர்கள் நாம் என்ன பார்க்கிறோம்? மார்ஜின், எழுத்துரு, பைண்டிங். வேலைக்கான இன்டர்வியூவில் முதலில் கேட்பதே "உங்க புராஜெக்ட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றுதான். வாங்கியவன் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறான். சின்னதாக இருக்கட்டும், பாதியில் நிற்கட்டும், சொந்தமாகச் செய்ததற்கு மார்க் போடுங்கள் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.