பவளத்துக்கும் பசிக்கும்

ரீஃப் டேங்க் (வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கும் நண்பர்கள், நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் படத்தைப் போட்டு "நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ" என்று பெருமைப்படும்போது எனக்கு வாழ்த்தத் தோன்றுவதில்லை. பவளம் எப்போது வெளிறும் என்ற கவலைதான் வருகிறது.

"கடலில் அப்படித்தானே இருக்கு?" என்பார்கள். பவளத்திட்டு நீரில் இவை இரண்டும் மிகக் குறைவுதான். ஆனால் அங்கே அலை ஓயாமல் மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது, மீன் கூட்டம் தலைக்கு மேலேயே கழிக்கிறது. நம் தொட்டியில் இருப்பது நாலு மீன். அதன் கழிவையும் ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) இழுத்துக்கொள்கிறது.

பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில் சர்க்கரை செய்து கொடுக்கும். சர்க்கரையை மட்டும் வைத்து உடம்பு வளருமா? நைட்ரேட்டில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரசும் வேண்டுமே. சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரை எதுவும் போடாமல், நீரில் கரைந்த இந்த இரண்டை மட்டும் கொடுத்துப் பவளத்தை வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது. பாசி சத்தை உறிஞ்சிப் பெருக, அதில் ஒரு பங்கைப் பவளம் செரித்துக்கொள்கிறது, கொல்லைக் கீரையைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவது மாதிரி. 2023இல் நேச்சர் இதழில் வந்தது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் கடற்பறவை எச்சம் நிறையக் கலக்கும் தீவுகளைச் சுற்றிப் பவளம் வேகமாக வளர்வதையும் அதில் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டும் குறைவது ஒரு பக்கம். நைட்ரேட் ஏறி, பாஸ்பேட் மட்டும் வற்றிப்போவது அதைவிட மோசம். இதே ஆய்வகம் 2013லேயே இதைச் சொல்லிவிட்டது. நைட்ரஜன் இருப்பதால் பாசி பெருகப் பார்க்கும். பாஸ்பரஸ் இல்லாததால் அதன் செல்சவ்வு நலிந்துபோகும். வழக்கமாகத் தாங்கும் சூட்டையும் வெளிச்சத்தையும்கூடத் தாங்காமல் பவளம் வெளுத்துவிடும். இந்த நிலைமையை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதுதான் கொடுமை. கண்ணாடியில் கொஞ்சம் பாசி கண்டதும் ஜிஎஃப்ஓ என்ற இரும்பு ஆக்சைடு குருணையை அள்ளிப் போடுகிறோம். அது பாஸ்பேட்டை வழித்து எடுக்கும், நைட்ரேட்டைத் தொடவே தொடாது. பிறகு நைட்ரேட்டையும் விரட்டியடித்தால் பழுப்புச் சளியாக டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரி) வந்து உட்காரும். அதை ஒழிக்கப் பட்டவர்களைக் கேளுங்கள்.

என் கணக்கில் நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் போதும். நைட்ரஜனும் பாஸ்பரசும் 16:1 என்று கால்குலேட்டரோடு உட்காருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது ரெட்ஃபீல்ட் என்ற கடலாய்வாளர் கடல் மிதவை உயிரிகளில் கண்ட விகிதம், தொட்டிக்கு எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு இல்லை. எந்த எண்ணாக இருந்தாலும் அது ஏறி இறங்காமல் நிற்பதைத்தான் நான் பார்ப்பேன்.

நைட்ரேட் 25, பாஸ்பேட் பூஜ்ஜியம் என்று வந்தால், தண்ணீர் மாற்ற வாளியைத் தூக்குவதற்கு முன் ஜிஎஃப்ஓ பையை வெளியே எடுங்கள். மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆல்கலினிட்டியை (நீரின் காரத்தன்மை, dKH என்ற அலகில் அளப்பது) 8 dKH பக்கத்திலேயே வையுங்கள். சத்து குறைந்த நீரில் அது 10, 11 என்று ஏறினால் அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் நுனி கருகும்.

பி.கு: இன்பாக்ஸில் "மன்னார் வளைகுடா பவளம் கிடைக்குமா" என்று கேட்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.